மூடியிருந்த நாற்பத்தாறு கதவுகள்

அந்தப் பகுதியில் அவரைக் கேள்வியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. அதை எடுத்துப் புழங்க யாருக்கும் அவசியம் வரவில்லை. தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் ஃபாரம் கட்டு, வைத்து எழுத ஓர் அட்டை, இரண்டு பேனா, ஒரு குடை. தெருமுனையில் அவர் தலை தெரிந்ததுமே, “கேள்வி வந்தாச்சு, பதிலை எடுத்து வையுங்கப்பா” என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டே வருவார்.

வேலை இதுதான். ஒரு திட்டம் வந்தால், அது போய்ச் சேர வேண்டியவர்களுக்குச் சேர்ந்ததா, யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். தண்ணீர்க் குழாய், தெருவிளக்கு, மருந்து கொடுக்கும் இடம், பள்ளிக்கூடத்து பஸ் என்று பதினோரு வருடத்தில் அவர் கேட்காத கேள்வி இல்லை. எழுதிய ஃபாரம் ஆய்வு அலுவலகத்துக்குப் போகும். அங்கே கூட்டிக் கழித்துப் புத்தகமாக்கி மேலே அனுப்புவார்கள். மேலே இருப்பவர்கள் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் எதை வைப்பது, எதை எடுப்பது என்று முடிவு செய்வார்கள்.

அதற்கு முன்னால் அக்கா துணி தேய்க்கும் கடையில் நின்றுகொண்டிருந்தார். எட்டாம் வகுப்பு வரை படிப்பு. ஒரு நாள் ஃபாரமும் கையுமாக நான்கு பேர் அந்தத் தெருவுக்கு வந்தார்கள். வீட்டுப் பெண்கள் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. “உங்க வீட்டில் தினமும் மூன்று வேளை உணவு உட்கொள்கிறீர்களா?” என்று ஒருவர் புத்தகத்தில் இருப்பதை அப்படியே படித்தால் யார்தான் பதில் சொல்வார்கள்? அக்கா இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு வந்து, “இவங்க குறை கண்டுபிடிக்க வரலைடி. நேத்து ராத்திரி அடுப்பு எரிஞ்சுதான்னு கேக்கறாங்க, அவ்வளவுதான்” என்றார். மளமளவென்று பதில் வந்தது. அந்த மாதமே அக்கா அலுவலகத்து ஆளாகிவிட்டார்.

அவருக்கென்று சில பழக்கங்கள் உண்டு. கூப்பிட்டால் ஒழிய வாசற்படியைத் தாண்ட மாட்டார். சாப்பாட்டைப் பற்றிய கேள்வியைப் பிள்ளைகள் காதில் விழும்படி கேட்க மாட்டார். பதில் சொல்கிறவள் கண் கலங்கினால் உடனே பேனாவை மூடிவிடுவார்; அவள் அழுது முடித்து, மூக்கைத் துடைத்து, “எழுதிக்கோங்கக்கா” என்று சொன்ன பிறகுதான் மறுபடி திறப்பார். காலையில் கிளம்பும்போது, “கடவுளே, இன்னிக்கு என்னால யார் மனசும் நோகக்கூடாது” என்று ஒரு நிமிடம் கண் மூடி நிற்பார். இரண்டு சக்கர வண்டி பழுது பார்க்கும் அவர் கணவர், பட்டறைக்குப் போகும் அவசரத்திலும் அந்த ஒரு நிமிடம் சத்தம் போடாமல் நிற்பார். முடிந்ததும், “ஆச்சா? கடவுளுக்கும் ஒரு ஃபாரம் நிரப்பியாச்சா?” என்பார்.

“அவர்கிட்ட கேள்வி கேக்கக்கூடாது. சொல்லத்தான் செய்யணும்.”

“வீட்டுக்காரன்கிட்ட மட்டும் கேள்வியாவே கேக்கறே.”

அந்த வருடம் வந்த வேலை தொட்டில் ரூமைப் பற்றியது. வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளையும் பள்ளிக்கூட வயது வராத பிள்ளைகளையும் காலை ஆறு மணி முதல் மதியம் இரண்டு மணி வரை பார்த்துக்கொள்ள, பழைய கிடங்கு ஒன்றில் சுண்ணாம்பு அடித்துத் திறந்த அறை அது. திறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இன்னும் தேவைதானா, அல்லது மூடிவிட்டு அந்த உதவியை வேறு பகுதிக்குக் கொடுக்கலாமா என்பதுதான் ஆய்வு. அந்த அறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் அக்காவின் நாத்தனார். இதை அக்கா முதல் நாளே அலுவலகத்தில் சொன்னார். “அறைக்குள்ள போய்க் கேக்கற வேலைய வேற ஆளுக்குக் குடுத்துடறேன். நீங்க வீடுகளை மட்டும் பாருங்க” என்று சொல்லிவிட்டார் மேற்பார்வையாளர்.

மேற்பார்வையாளருக்குச் சதவீத சார் என்று பெயர். எதையும் சதவீதத்தில்தான் சொல்வார். “இன்னிக்கு அறுபது சதவீதம்தான் பசிக்குது, ஒரு டீ போதும்” என்பார். மகள் தேர்வில் தேறியபோது இனிப்புக் கொடுத்துவிட்டு, “நான் எழுபது சதவீதம் சந்தோஷமா இருக்கேன்” என்றார். மீதி முப்பது எங்கே போயிற்று என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்று எண்ணிக்கொண்டு போக வேண்டும். அப்படி நூற்றைம்பது வீடு. எண்ணில் விழுந்த வீட்டில் ஆள் இல்லை என்றால் மூன்று தடவை போய்ப் பார்க்க வேண்டும். மூன்றாவது தடவையும் ஆள் இல்லாவிட்டால் “ஆள் இல்லை” என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டு, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கி, பக்கத்து வீட்டில் கேட்கலாம். அக்கா ஒரு தடவைகூடக் குறைத்ததில்லை. வெயிலானாலும் மழையானாலும் மூன்று நாள், மூன்று தடவை. அவர் கொண்டுவந்த கட்டு ஒருநாளும் திருத்தத்துக்குத் திரும்பியது கிடையாது. “உங்க மேல எனக்குத் தொண்ணூத்தெட்டு சதவீதம் நம்பிக்கை” என்று சார் பல தடவை சொல்லியிருக்கிறார். அடுத்த ஆய்வில் அவரைக் குழுத் தலைவியாகப் போடப்போவதாகவும் பேச்சு இருந்தது.

மூன்று வாரத்தில் வீடுகள் முடிந்தன. நூற்றைம்பதில் பதினோரு வீடுதான் தொட்டில் ரூம் வேண்டும் என்றது. மற்றவர்கள், “நல்லதுதான், ஆனா எங்க பிள்ளைய நாங்களே பாத்துக்கறோம்” என்றார்கள். அக்காவுக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னதைத்தானே எழுத முடியும்?

இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம், நாத்தனார் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உள்ளே வந்தார். கையில் ஒரு கடிதம்.

“அண்ணி, படிச்சுப் பாருங்க. நல்லா சத்தமாப் படிங்க.”

இந்த மாதக் கடைசியோடு அறை மூடப்படும் என்றிருந்தது. காரணம்: அப்பகுதியில் தேவை மிகக் குறைவு என வீட்டு ஆய்வில் தெரியவந்துள்ளது.

“வீட்டு ஆய்வுன்னா யாரு? நீங்கதானே?”

“நான் யாரையும் வேண்டாம்னு சொல்ல வைக்கலைம்மா. அவங்க சொன்னதை எழுதினேன்.”

“யாரு சொன்னாங்க? தினம் இருபத்தாறு பிள்ளைங்க வருது. இருபத்தாறு பேரும் ஆகாசத்துல இருந்து குதிச்சு வர்றாங்களா? அவங்கம்மாங்க யாரையுமே நீங்க பாக்கலையா?”

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எனக்கு வேலை போறது இருக்கட்டும். நான் எங்கேயாவது போய்ப் பாத்திரம் கழுவிப் பிழைச்சுக்குவேன். நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு ரூம் வாசல்ல வந்து நில்லுங்க. ஒரு கேள்வியும் கேக்க வேண்டாம், சும்மா நில்லுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா போய் நின்றார்.

ஏழு மணிக்குப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். அவர்கள் வேலைக்குப் போகிறவர்களாகத் தெரியவில்லை. முகம் வெளுத்து, கண் சிவந்து, கொட்டாவியை அடக்கிக்கொண்டு, ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் சாப்பாட்டு டப்பாவுமாக வந்தார்கள். ஆஸ்பத்திரியில் இரவு தரை துடைப்பவர்கள், நூல் ஆலையில் இரவு நேரம் பார்ப்பவர்கள், மொத்தச் சந்தையில் விடிவதற்குள் மூட்டை பிரிப்பவர்கள். விடியும்வரை புருஷனோ மாமியாரோ பிள்ளையின் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள். விடிந்ததும் அவர்கள் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அப்புறம் பிள்ளைக்குத் தொட்டில் ரூம்தான். அம்மாக்காரி வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி நீலச் சட்டையைக்கூட மாற்றாமல் ஒரு பெண் வந்தாள். இடுப்பில் இருந்த பெண்குழந்தையை நாத்தனார் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பியவளிடம் அக்கா மெதுவாகக் கேட்டார்.

“உங்க வீடு எங்கம்மா?”

“மூணாவது சந்து, மஞ்சக் கதவு.”

மஞ்சள் கதவு. அந்தக் கதவு அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மூன்று தடவை போயிருந்தார். மூன்று தடவையும் காலை பதினொன்றிலிருந்து ஒன்றுக்குள். வெளியே பூட்டுத் தொங்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, ஒன்று குப்புறக் கிடந்தது. யாரோ அசந்து தூங்குகிறார்கள் என்று தெரிந்தது. அக்கா அந்தக் குப்புறக் கிடந்த செருப்பை நிமிர்த்தி வைத்துவிட்டு, கால் சத்தம் கேட்காமல் நகர்ந்தார்.

அவருடைய அப்பா ஒரு கிடங்கில் இரவுக் காவலாளியாக இருந்தவர். பகலில் அவர் தூங்கும்போது வீட்டில் தட்டு விழுந்தாலும் அம்மா பதறிப்போவார். உழைத்துக் களைத்துத் தூங்குகிறவனை எழுப்புவதைப் போலப் பாவம் வேறு இல்லை என்று அக்கா சின்ன வயதிலேயே மனதில் பதிய வைத்துக்கொண்டவர். பதினோரு வருடத்தில் தூங்குகிற வீட்டுக் கதவை அவர் ஒருமுறையும் தட்டியதில்லை.

“நான் வந்தேம்மா, உங்க வீட்டுக்கு. மூணு தடவை.”

“எப்போ? நான் பாக்கவே இல்லையே.”

“தூங்கிட்டு இருந்தீங்க. எழுப்ப மனசு வரலை.”

அந்தப் பெண் அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை, அவ்வளவு அசதி.

“மனசு வரலையா? அட என்னக்கா நீங்க. ஒரு நாள் எழுப்பியிருந்தா கால் மணி நேரம் தூக்கம் போயிருக்கும். இப்ப ரூமை மூடிட்டா நான் தூங்கவே முடியாதே. போன வாரமே தூக்கக் கலக்கத்துல வாளியோட மாடிப்படியில விழுந்தேன்.”

சொல்லிவிட்டு முழங்கையைக் காட்டினாள். கட்டுப் போட்டிருந்தது. பிறகு, நின்றுகொண்டே தூங்கிவிடுவேனோ என்று பயந்தவள் மாதிரி வேகமாக நடந்து போய்விட்டாள்.

அக்கா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை இழுத்து, தன்னிடம் தங்கும் வழித்தாள்களை எடுத்துத் தரையில் பரப்பினார். எந்த வீட்டுக்கு எந்த நாள் எத்தனை மணிக்குப் போனார் என்று எல்லாம் அதில் இருந்தது. “ஆள் இல்லை” என்ற குறி நாற்பத்தாறு வீட்டுக்கு. ஒவ்வொரு வீட்டு எண்ணிலும் விரலை வைத்துக் கண்ணை மூடி அந்தக் கதவை நினைத்துப் பார்த்தார். பூட்டு இருந்ததா, செருப்பு இருந்ததா? முப்பதுக்கு மேல் செருப்பு இருந்தது.

உள்ளே ஆள் இருந்தது. இவர் ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறார். அதற்குப் பதிலாகப் பக்கத்தில் திறந்திருந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். பகலில் கதவு திறந்திருக்கிற வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். அவர்கள் எதற்குத் தொட்டில் ரூம் வேண்டும் என்று சொல்லப் போகிறார்கள்? அறை யாருக்காக இருக்கிறதோ அவர்களைத் தாண்டித் தாண்டிப் போய், வேண்டாதவர்களிடம் வேண்டுமா என்று கேட்டு, வேண்டாம் என்று அழகான கையெழுத்தில் எழுதி வந்திருக்கிறார். பொய் சொல்லக்கூடாது என்று வாழ்ந்தவர் நாற்பத்தாறு கட்டத்தில் குறி போட்டிருந்தார். எத்தனை பொய், எத்தனை மெய் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை.

மதியம் சாப்பிட வந்த கணவர் தரையெல்லாம் தாளாக இருப்பதைப் பார்த்து, “என்ன, வீட்டுக்குள்ளயே சர்வேயா? நான் எத்தனையாவது வீடு?” என்றார். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தார். அக்கா எல்லாவற்றையும் சொன்னார்.

“புத்தகம் மேலே போயிடுச்சு. இப்ப போய்ச் சொன்னா சாருக்கும் கெட்ட பேரு. நாத்தனாருக்காகக் கதை கட்டறேன்னு சொல்லுவாங்க. தலைவி வேலைய விடுங்க, இருக்கற வேலையே போயிடும்.”

கணவர் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே யோசித்தார். “ஒரு வண்டிக்குப் பிரேக் கம்பியைத் தப்பா மாட்டி அனுப்பிட்டேன்னு வை. வண்டி தெருமுனை திரும்பிடுச்சு, இனிமே கத்தினா என் பேரு கெட்டுடும்னு சும்மா இருப்பேனா? ஓட மாட்டேன்?”

“உங்களுக்கு வண்டிதான் தெரியும்.”

“ஆமா, வண்டிதான் தெரியும். சோத்தைப் போடு, சாப்பிட்டுட்டு நீ ஓடு.”

அலுவலகம் ஒரு மாடியில் இருந்தது. மூன்று மேசை, சுவரோரம் ஃபாரம் கட்டுகள், ஒரு பக்கம் மட்டும் சுற்றுகிற மின்விசிறி. அக்கா உள்ளே வந்ததும், “வாங்க வாங்க, தொண்ணூத்தெட்டு சதவீதம்!” என்றார் சார்.

“அந்த மீதி ரெண்டு சதவீதம்தான் சார் இப்ப வந்திருக்கு” என்றார் அக்கா.

அக்கா எல்லாவற்றையும் சொன்னார். கேட்டு முடித்ததும் சார் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. உங்க நாத்தனார் அங்க வேலை பாக்கறாங்க. மூடற கடிதம் வந்த மறுநாள் நீங்க வந்து ஆய்வு தப்புன்னு சொல்றீங்க. கேக்கறவங்க என்ன நினைப்பாங்க?”

“அதைத்தான் நினைப்பாங்க சார். நானா இருந்தாலும் நினைப்பேன். அதனால நான் அந்த வீடுகளுக்குத் திரும்பப் போகலை. வேற பகுதி ஆளுங்க ரெண்டு பேரை அனுப்புங்க. அவங்களுக்கு என் நாத்தனாரைத் தெரியாது. அறை வேண்டாம்னு பதில் வந்தா வேண்டாம்னே இருக்கட்டும்.”

“மூணு தடவை போனீங்கல்ல? விதிப்படிதானே போயிருக்கீங்க? உங்க மேல தப்பு இல்லையே.”

“மூணு தடவையும் ஒரே நேரம் சார். பத்து மணியில இருந்து ரெண்டு மணிக்குள்ள.”

சார் மேசை இழுப்பறையிலிருந்து கையேட்டை எடுத்தார். ஆய்வுக்குப் போகிறவர்கள் எப்படிப் போக வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று அறுபது பக்கம் அச்சடித்த புத்தகம். ஆட்களுக்குக் கொடுத்தால் தொலைத்துவிடுவார்கள் என்று அது ஒன்றே ஒன்று, அவர் மேசையிலேயே இருந்தது. அதைப் பார்த்து அவர்தான் எல்லோருக்கும் வாயால் சொல்லிக்கொடுப்பார். பக்கத்தைப் புரட்டி ஓரிடத்தில் விரல் நின்றது. அக்கா எட்டிப் பார்த்துப் படித்தார்: மூன்று வெவ்வேறு நாட்களில், மூன்று வெவ்வேறு நேரங்களில்.

“நேரம்னு நீங்க சொல்லலை சார்” என்றார் அக்கா. குற்றம் சொல்கிற குரலில் இல்லை. வாங்காத சாமானைப் பட்டியலில் பார்த்தவர் போலச் சொன்னார்.

“நான் சொல்லலை” என்றார் சார். “சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல யாரையும் அனுப்ப வேண்டாம்னு நானாதான் விட்டுட்டேன். உங்களுக்கெல்லாம் வீடு வாசல் இருக்குன்னு. அப்புறம் நாற்பத்தாறு மாற்று வீட்டுக்கும் கையெழுத்துப் போட்டது யாரு? நானு. நூத்தம்பதுல நாற்பத்தாறு. முப்பது சதவீதம்! சதவீதம் சதவீதம்னு உயிரை விடறவன், இதைக் கண்டுக்கலை பாருங்க.”

“இப்ப என்ன சார் பண்றது?”

“இப்பவா? இப்ப எனக்கு நூறு சதவீதம் தலைவலி.”

முதல் தடவையாக அவர் வாயிலிருந்து முழு நூறு வந்தது. பிறகு அவர் தொலைபேசியை எடுத்துத் தலைமை அலுவலகத்துப் பெரிய மேடத்துக்குப் பேசினார். அந்தப் பக்கம் நீண்ட பேச்சு. சார் எழுந்து நின்று “ஆமா மேடம்”, “என் தப்புதான் மேடம்” என்று நான்கைந்து தடவை சொன்னார். ஃபோனை வைத்துவிட்டு, “நாலு நாள் குடுத்திருக்காங்க” என்றார்.

வேறு பகுதியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் மாலை நான்கு மணிக்குப் போவதா ஐந்துக்குப் போவதா என்று பேச்சு வந்தபோது அக்கா ஒன்றே ஒன்று சொன்னார். “மூணரைக்குப் போங்க. எழுந்திருச்சு முகம் கழுவியிருப்பாங்க, இன்னும் வேலைக்குக் கிளம்பியிருக்க மாட்டாங்க. அப்புறம் அந்த ஏழாவது கேள்வி. ‘நீங்கள் வேலை செய்யும் நேரத்தில் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?’னு இருக்கு. ராத்திரி வேலைக்காரங்க அதுக்கு வீட்டுக்காரர்னு சொல்லுவாங்க. அதுவும் உண்மைதான். ‘நீங்கள் தூங்கும் நேரத்தில்’னு இன்னொரு கேள்வி சேர்த்துக் கேக்கலாமா சார்?”

சார் மேடத்தைக் கேட்டு, அதைச் சேர்த்தார்.

அந்த நான்கு நாளும் அக்கா மாடியிலேயே இருந்தார். பழைய கட்டுகளைத் தூசி தட்டினார், கிழிந்த அட்டைகளை ஒட்டினார். நாத்தனாரை வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார். நாத்தனார் இதற்கும் ஒரு சண்டை போட்டார். காலையில் கண் மூடி நின்றால் அக்காவுக்கு வேண்டுதல் ஓடவில்லை. “அறை இருக்கட்டும்” என்று கேட்க வாய் வந்தது. உண்மைக்கு மேலே ஒன்றைக் கேட்பதாகுமே என்று அடக்கிக்கொண்டார். “எது இருக்கோ அது வரட்டும்” என்று சொல்லிப் பார்த்தார். மனம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக் கடைசியில், “நீயே பாத்துக்கோ, எனக்குக் கேக்கத் தெரியலை” என்று விட்டுவிட்டார். கணவர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு அன்றைக்கு மட்டும் கேலி பேசவில்லை.

நான்காம் நாள் மாலை கணக்கு வந்தது. நாற்பத்தாறு கதவில் நாற்பது திறந்தன. ஆறு வீடு நிஜமாகவே காலி. நாற்பதில் இருபத்தொன்பது வீட்டில் இரவு வேலை. அதில் பள்ளிக்கூட வயது வராத பிள்ளை இருந்தது பத்தொன்பது வீட்டில். பதினேழு வீடு அறை வேண்டும் என்றது. இரண்டு வீடு வேண்டாம் என்றது. ஒன்றில் சித்தி இருந்தாள், இன்னொன்றில் அந்தப் பெண், “பிள்ளை பக்கத்துல இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது” என்று சொல்லியிருந்தாள். அதையும் அப்படியே எழுதியிருந்தார்கள். மாற்றாகக் கேட்ட வீடுகளில் வேண்டும் என்றிருந்த ஒன்றைக் கழித்து, இவர்களைச் சேர்த்தபோது, பதினொன்றாக இருந்தது இருபத்தேழு ஆயிற்று.

சார் கூட்டலை இரண்டு தடவை சரிபார்த்தார். பிறகு அக்காவிடம் தாளை நீட்டினார். அக்கா வாங்கவில்லை. “படிங்க சார், கேக்கறேன்” என்றார். சார் படித்தார். கடைசித் தாளில் ஒரு பெண் சொன்னது எழுதியிருந்தது: ரூம் இரண்டு மணிக்கே முடிந்துவிடுகிறது; ஐந்து மணி நேரமே தூங்கினால் உடம்பு தாங்குவதில்லை; நான்கு மணி வரை வைத்தால் நல்லது. அதே மாதிரி இன்னும் பத்துப் பேர் சொல்லியிருந்தார்கள்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சார் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். அவர் குடித்து முடித்து நிமிர்ந்தபோது வேறு ஒரு கவலை வந்திருந்தது.

“சார், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தெருவிளக்கு போதுமான்னு கேட்டோமே.”

சார் தலையில் கை வைத்தார். “வேண்டாம்.”

“மூணாவது சந்துல எல்லாரும் போதும்னு சொன்னாங்க. பகல்ல வீட்டுல இருக்கறவங்க சொன்னது. ராத்திரி நடக்கறவங்களை நான் கேக்கவே இல்லை.”

“அது அச்சாகி, புத்தகமாகி, விளக்கும் வேற தெருவுல போட்டாச்சு.”

“அதான் சார் சொல்றேன்.”

சார் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார். “எந்தெந்த ஆய்வு, எத்தனை கதவு, ஞாபகம் இருக்கற வரைக்கும் எழுதிக் குடுங்க. என்ன செய்ய முடியும்னு எனக்குத் தெரியலை. ஆனா எழுதிக் குடுங்க.” அதை எழுத அக்காவுக்கு இரண்டு நாள் ஆயிற்று. மேலே அனுப்பினார்கள். அதற்குப் பதில் ஒன்றும் வரவில்லை.

தொட்டில் ரூம் விஷயத்தில் பதில் வந்தது. மூடும் உத்தரவை நிறுத்தி வைத்து, நேரத்தையும் காலை ஆறிலிருந்து மாலை நான்கு வரை நீட்டி, ஒரு வருடம் கழித்து மறுபடி பார்ப்பதாக எழுதியிருந்தார்கள். அதே உறையில் அக்காவைப் பற்றியும் ஒரு வரி இருந்தது: நேர்மையைப் பாராட்டுகிறோம், இருந்தாலும் அடுத்த ஆய்வின் குழுத் தலைவி பொறுப்பு வேறொருவருக்கு வழங்கப்படுகிறது. சதவீத சாருக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “சரி பாதி, சரி பாதி. ஆளுக்கு ஐம்பது சதவீதம்” என்றார். புதுத் தலைவி ஆளுக்கு ஒன்றாகக் கையேட்டை நகல் எடுத்துக் கொடுத்தாள். அக்காவுக்குத் தலைவி ஆகாததில் வருத்தம் இருந்தது. இல்லை என்று அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

புது நேரம் தொடங்கிய முதல் வாரம், சனிக்கிழமை மாலை நாத்தனார் வந்தார். வந்ததும் வராததுமாகக் கட்டிலில் சாய்ந்துவிட்டார்.

“நல்லா இருக்கு அண்ணி உங்க நியாயம். ரெண்டு மணிக்கு வீட்டுக்குப் போய்க் கால் நீட்டிட்டு இருந்தேன். இப்ப நாலு மணி ஆகுது. இருபத்தாறு இருந்தது முப்பத்தொண்ணு ஆயிடுச்சு. ஒத்தை ஆளா எப்படிப் பாக்கறது? ஒண்ணு தூங்கினா ஒண்ணு எழுந்துக்குது. இடுப்பு விட்டுப் போச்சு. ஊருல எல்லாரும் தூங்கணும், நான் மட்டும் தூங்கக்கூடாது, அப்படித்தானே?”

கணவர் வாசலில் இருந்தபடியே, “நீதானேடி மூடக்கூடாதுன்னு அழுதே?” என்றார்.

“மூடக்கூடாதுன்னுதான் சொன்னேன். என்னைப் பிழிஞ்சு காயப்போடச் சொல்லலை அண்ணா.”

அக்கா சிரிக்கவில்லை. துணிப்பையை எடுத்து, ஒரு புது ஃபாரத்தை உருவி, அட்டையில் வைத்துப் பேனாவைத் திறந்தவர், மறுபடி மூடினார்.

“ஒரு ஆள் முப்பத்தொரு பிள்ளைய எப்படிப் பாக்கறது. இது நியாயமான கேள்விதான். ஆனா நான் எழுதக்கூடாது, நீ என் நாத்தனார். புது நேரம் எப்படி இருக்குன்னு கேக்க, திங்கக்கிழமை மூணரைக்கு ஆபீஸ்ல இருந்து வேற ஒரு அக்கா ரூமுக்கு வருவாங்க. கடைசிப் பக்கத்துல ‘வேறு குறைகள்’னு ஒரு கட்டம் இருக்கு பாரு, இங்க. இப்ப சொன்னியே, இதை அப்படியே அவங்ககிட்ட சொல்லு.”

“இடுப்பு விட்டுப் போச்சுங்கறதையுமா?”

“அதையும்தான்.”

நாத்தனார் எழுந்து உட்கார்ந்து, ஃபாரத்தை வாங்கி அந்தக் கட்டத்தைப் பார்த்தார். விரலால் அளந்தார்.

“இவ்வளவு சின்னதா வெச்சா எப்படி அண்ணி பத்தும்?”

“பின்பக்கம் காலியாத்தான் இருக்கு” என்றார் கேள்வியக்கா.